தண்ணி 12 டிகிரி, மேல வெயில் கொளுத்துது

கப்பல்ல ஜூனியர் இன்ஜினியரா ஏறின புதுசுல, வாட்ச் (நம்ம ஷிஃப்ட் மாதிரி) முடியறதுக்கு முன்னாடி இன்ஜின் ரூம் முழுக்க ஒரு ரவுண்டு போய் எல்லா கேஜையும் பாத்து லாக் புக்ல எழுதணும். அதுல ஒரு கட்டம் 'சீ வாட்டர் டெம்பரேச்சர்'. இன்ஜின் சூட்ட தணிக்கற கூலருக்காக வெளிய இருந்து இழுக்கற கடல் தண்ணியோட சூடு, அவ்வளவுதான். நான் அத பாக்கறதே இல்ல, முந்தின வாட்ச்காரன் எழுதினத அப்படியே காப்பி அடிச்சிட்டு இருந்தேன், ஏன்னா சிங்கப்பூர் பக்கம் எப்ப பாத்தாலும் 29, 29, 29தான்.

மாட்டினது தென்னாப்பிரிக்காவுல. ஜனவரி மாசம், ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துல நிலக்கரி ஏத்திட்டு ராட்டர்டாம் கிளம்பினோம். தண்ணி அப்ப 26. அந்தக் கரையோரமா அகுல்ஹாஸ்னு ஒரு நீரோட்டம், மொசாம்பிக் பக்கத்து வெதுவெதுப்பான தண்ணிய இழுத்துட்டு தெக்க பாத்து ஓடுது, சில இடத்துல 4 நாட் (மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல) வேகம் கூட இருக்கும். லோடோட 12 நாட் போற எங்க கப்பல் ஜிபிஎஸ்ல 15 காட்டுது, அதுக்காக எண்ணெய் ஒரு சொட்டு அதிகமா எரிக்கல, கப்பல ஓட்டற பிரிட்ஜ் ரூம்ல எல்லார் மூஞ்சியிலயும் சிரிப்பு. (தென்மேற்குல இருந்து பெரிய அலை எதிர்த்து வந்தா அதே நீரோட்டம் அத செங்குத்தா தூக்கி நிறுத்திடும், அப்ப ஒருத்தனும் சிரிக்க மாட்டான்.)

ரெண்டாம் நாள் ராத்திரி, கடல் தண்ணிய கொதிக்க வெச்சு ஆவியில இருந்து குடிதண்ணி எடுக்கற ஃப்ரெஷ் வாட்டர் ஜெனரேட்டர்ல உப்பு கூடிருச்சுன்னு அலாரம். நான் சென்சார்தான் போச்சுன்னு அத கழட்டி தொடச்சு மாட்டி தொடச்சு மாட்டி விடிஞ்சிருச்சு. காலைல கேப் டவுன் பக்கத்துல சாமான் ஏத்த நின்னோம், நான் லாக்ல தைரியமா 24ன்னு போட்டு கையெழுத்தும் போட்டுட்டேன்.

எங்க படா சாப், அதான் சீஃப் இன்ஜினியர், குளச்சல்காரர். லாக்க பாத்தாரு, என்னையும் பாத்தாரு. "என்ன மக்கா, 24ஆ இது?"ன்னு கூட்டிட்டு போய் கடல் தண்ணி பைப் மேல என் கைய வெச்சாரு. ஐஸ் போட்ட சொம்பு மாதிரி பைப் முழுக்க வேர்த்து சொட்டுது. கேஜ்ல 12.

அலாரத்துக்கும் அதான் காரணமாம். கடல் தண்ணி ஜில்லுன்னு ஆகவும் ஜெனரேட்டருக்குள்ள வேக்குவம் கூடி அழுத்தம் குறைஞ்சிடுச்சு, உள்ள இருக்கற தண்ணி இன்னும் குறைஞ்ச சூட்டுலயே தளதளன்னு கொதிச்சு, உப்புத் துளியையும் ஆவியோட சேத்து தள்ளியிருக்கு. நான் சென்சார தொடச்சிட்டு இருந்திருக்கேன்.

மேல போய் பாத்தா நல்ல கோடை வெயில், டேபிள் மவுண்டன் பளிச்சுன்னு தெரியுது. இதுக்கு எப்படி தண்ணி 12? காத்துதான். கோடைல அங்க தென்கிழக்கு காத்து கரையை ஒட்டி விடாம வீசும், பூமி சுத்தறதால தெற்கு பாதில மேல் தண்ணி காத்து போற திசைக்கு இடது பக்கமா விலகும், அதாவது கரைய விட்டு வெளிய. போன தண்ணிக்குப் பதிலா ஆழத்துல இருந்து குளிர்ந்த தண்ணி ஏறி வரும். கூத்து என்னன்னா, குளிர்காலத்துல அந்தக் காத்து நின்னுடறதால அப்ப தண்ணி கொஞ்சம் சூடாவே இருக்குமாம். கோடைல மலைக்கு அந்தப் பக்கம் ஃபால்ஸ் பே விரிகுடால 20 கிட்ட, இந்தப் பக்கம் 12, ஊர் ஒண்ணுதான். இந்த விலகல முதல்ல கவனிச்சது நார்வேக்காரர் நான்சென், 1893ல ஃப்ராம் கப்பல்ல ஆர்க்டிக் போனப்ப பனிக்கட்டி காத்துக்கு வலது பக்கமா ஒதுங்கிப் போறத பாத்தாரு, 1905ல ஸ்வீடன் விஞ்ஞானி எக்மன் அதுக்கு கணக்கு போட்டுக் கொடுத்தாரு. படா சாப்புக்கு எக்மன் எல்லாம் வேணாம், "எங்கூர்லயும் ஆனி ஆடில கடல் இப்படித்தாம் குளுந்து கெடக்கும், அப்பந்தான் மீனு"ன்னாரு. நீரோட்டத்த அவர் நீவாடுன்னுதான் சொல்லுவாரு.

அப்புறம்தான் எனக்கு இந்த நம்பர் மேல ஒரு பயம் வந்துச்சு. 100 வருஷத்துக்கு மேல கடல் எவ்வளவு சூடாச்சுன்னு சொல்றதே பெரும்பாலும் கப்பல்காரங்க எழுதி வெச்ச இந்த மாதிரி அளவுகள வெச்சுதான். முன்னாடி கித்தான் வாளியில மொண்டு அளப்பாங்க, அது மேல வர்றதுக்குள்ள ஆறி கொஞ்சம் குறைச்சு காட்டும், இன்ஜின் ரூம் பைப்ல அளந்தா கொஞ்சம் கூட காட்டும். 1945ல கடல் திடீர்னு குளிர்ந்த மாதிரி ரெக்கார்டுல ஒரு பள்ளம் இருந்துச்சு, குளிரவே இல்ல, போர் முடிஞ்சதும் பைப்ல அளந்த அமெரிக்க கப்பல்களோட அளவு குறைஞ்சு வாளி போட்ட பிரிட்டிஷ் கப்பல்களோடது கூடிடுச்சு, அவ்வளவுதான். இத கண்டுபிடிச்சதே 2008ல.

இப்ப நான் செகண்ட் இன்ஜினியர். ஜூலை மாசம், செங்கடல் தாண்டி மொம்பாசா போறோம். சோமாலியா கரையோட வடக்குப் பகுதி நம்ம நாகப்பட்டினத்துக்கு நேர் மேற்கே கிட்டத்தட்ட அதே அட்சரேகைதான், ஆனா தென்மேற்கு பருவக்காத்து அடிக்கறப்ப அங்க கரையோரம் தண்ணி 20க்கும் கீழ போகும். ஆறு மாசம் கழிச்சு காத்து திரும்பினா நீரோட்டமும் அப்படியே திசை மாறி தெக்க ஓடும். நம்ம வங்காள விரிகுடாவும் இந்த ஜாதிதான், தமிழ்நாட்டு கரையோரம் மார்ச்ல வடக்க ஓடறது நவம்பர்ல தெக்க ஓடுது.

எங்க புது ஜூனியர் பையன் மூணு வாட்ச்சா 30, 30, 30ன்னு எழுதிட்டு இருக்கான். நாளைக்கு சோமாலியாவோட வடகிழக்கு கோடியில இருக்கற குவார்டஃபுய் முனை தாண்டறோம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.