அவுட்டோர்: எதற்கு வெளியே?

மொழிபெயர்ப்பு மேசைக்கு வரும் ஆங்கிலச் சொற்களில் 'அவுட்டோர்' மிக எளிதானதாகத் தோன்றும். 'வெளிப்புற' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். பயனர் கையேடு, எச்சரிக்கை வாசகம் என்று கைக்கு வரும்போதுதான் சிக்கல் தெரியும். சொல்லைப் பிரித்தால் கிடைப்பது 'கதவுக்கு வெளியே' என்பது மட்டுமே. அந்த வெளியில் மழை முக்கியமா, வெயிலா, காற்றோட்டமா என்பதை உடன் வரும் பெயர்ச்சொல்தான் சொல்லும்.

கரி அடுப்பின் பெட்டியில் 'ஃபார் அவுட்டோர் யூஸ் ஒன்லி' என்று இருக்கும். இதை 'வெளியில் மட்டும் பயன்படுத்தவும்' என்று எழுதினால், வாங்கியவர் மூடிய தாழ்வாரத்திலோ கார் ஷெட்டிலோ அடுப்பை மூட்டக்கூடும். அவையும் கதவுக்கு வெளியேதானே இருக்கின்றன! கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்று போகாத இடத்தில் சேர்ந்து உயிரைப் பறித்துவிடும். இங்கே 'திறந்தவெளியில் மட்டும்' என்றுதான் எழுத வேண்டும். அதோடு நிறுத்தாமல், 'அறை, கூடாரம், கார் ஷெட் ஆகியவற்றுக்குள் மூட்டக் கூடாது' என்று மூலத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்க்கும்படி வாடிக்கையாளரிடம் கேட்பது நல்லது. ஒரு சொல்லின் பொருளுக்காக இவ்வளவு மெனக்கெடத்தான் வேண்டும்.

'அவுட்டோர் விளக்கு' என்றால் கேள்வியே வேறு. அங்கே காற்றோட்டம் பேச்சில்லை. மழையைத் தாங்குமா என்பதே கேள்வி. 'வெளிப்புற விளக்கு' போதும், ஆனால் பக்கத்தில் உள்ள ஐபி எண்ணை, அதாவது தூசியும் நீரும் உள்ளே புகாமல் எந்த அளவுக்குத் தடுக்கும் என்று காட்டும் குறியீட்டை, விட்டுவிடக் கூடாது. ஐபி44 என்றால் எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபி65 என்றால் தூசி உள்ளே புகாது, பீய்ச்சி அடிக்கும் நீரையும் தாங்கும். இந்த எண் வெயிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே ஐபி எண்ணை மட்டும் பார்த்து 'எல்லாப் பருவநிலைக்கும் ஏற்றது' என்று நாமாக எழுதினால், வெயிலில் வெடித்துப்போகும் பிளாஸ்டிக் உறைக்கும் சேர்த்து வாக்குறுதி கொடுத்தவர்களாகிறோம்.

பழைய ஆவணங்களில் இந்தச் சொல் நேர் எதிராகத் திரும்பும். இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம் தொடர்பான எழுத்துகளில், குறிப்பாக 1834 சட்டத் திருத்தத்தை ஒட்டியவற்றில், 'அவுட்டோர் ரிலீஃப்' அடிக்கடி வரும். 'திறந்தவெளி நிவாரணம்' என்று எழுதினால் முழுத் தவறு. ஏழைகள் விடுதியில் சேராமல் தம் சொந்த வீட்டிலேயே இருப்பவருக்குத் தரப்பட்ட உதவி அது. பெறுபவர் கூரைக்கடியில்தான் இருக்கிறார். கதவு மட்டும் விடுதியின் கதவு. 'விடுதிக்குப் புறம்பான உதவி' என்றால் பொருள் நிற்கும்.

'ஓப்பன் ஏர்' இவ்வளவு வழுக்காது. வழக்கமாகக் கட்டடத்துக்குள் இருக்கும் ஒன்று வானத்தின் கீழ் வரும்போது அந்தச் சொல் பொருந்தும்: அரங்கு, சந்தை, அருங்காட்சியகம். ஸ்டாக்ஹோமில் 1891இல் தொடங்கிய ஸ்கான்சென், திறந்தவெளி அருங்காட்சியகம் என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுவியிருக்கிறார்கள்.

உணவக விளம்பரங்களில் வரும் 'அல்ஃப்ரெஸ்கோ' இத்தாலியிலிருந்து வந்தது. 'குளிர்ந்த, புதிய காற்றில்' என்ற பொருள். ஈரப் பூச்சில் வரையும் 'ஃப்ரெஸ்கோ' ஓவியத்துக்கும் இதே வேர்தான். ஆனால் இத்தாலியரிடம் வெளியில் அமர்ந்து உண்பதைச் சொல்ல 'அல்லாப்பெர்த்தோ' என்பதே வழக்கு. 'அல் ஃப்ரெஸ்கோ' அவர்கள் பேச்சில் சிறையில் இருப்பதையும் குறிக்கும். இத்தாலிய வாசகருக்கான பிரதியில் ஆங்கிலப் பழக்கத்தை அப்படியே ஏற்றிவிடக் கூடாது.

இலக்கணத்தில் நம்மவர்கள் தவறுவது 'ஸ்' என்ற ஓர் ஒலியில். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'அவுட்டோர்': அவுட்டோர் கேம்ஸ். வினையோடு சேர்ந்தால் 'அவுட்டோர்ஸ்': ப்ளே அவுட்டோர்ஸ். முன்னால் 'தி' வந்து 'தி அவுட்டோர்ஸ்' ஆனால் அது காடு, மலை, ஆறு என விரியும் இயற்கைவெளி. வீட்டுக் கொல்லையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த இடத்தில் 'வெளிப்புறம்' என்று போட்டால், மலையேறப் போனவரைச் சுவர் ஓரத்தில் நிறுத்திவிட்டதுபோல் ஆகிவிடும்.