மழுங்கிய பிளக்குடன் மூன்று ஞாயிறு

அப்பா 1983-ல் வாங்கிய மார்க் 4 அம்பாசிடர் பெரம்பூர் வீட்டில் இன்னும் நிற்கிறது. மழைக்கு முன் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடலாம் என்று அடியில் படுத்தேன். டார்ச்சை அடித்துப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிதான் சம்ப்; ஆயிலை வடிக்க அதன் அடியில் திருகியிருக்கும் போல்ட்தான் சம்ப் பிளக். அந்தப் பிளக்கின் ஆறு மூலைகளில் ஒன்றுகூட மூலையாக இல்லை. தலையைச் சுற்றிலும் பைப் ரெஞ்சின் பல் பதிந்த தடங்கள். போதாததற்கு, பிளக் சம்ப்பில் உட்காரும் இடம் முழுவதும், குழாய்க் கசிவுக்குப் பிசைந்து ஒட்டுகிற சாம்பல் நிறப் பசையை அப்பியிருந்தார்கள். எப்போதோ யாரோ ஒரு மெக்கானிக் செய்த வேலை.

இந்த வண்டியின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. நட்டு, போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. என் பிளக்கில் தேயாமல் தப்பிய ஓரத்தை வெர்னியரில் அளந்தேன்: 25.4 மி.மீ., சரியாக ஓர் அங்குலம். இதில் 26 மி.மீ. ஸ்பானரை மாட்டினால் 0.6 மி.மீ. ஆட்டம் கொடுக்கும். இறுகிய பிளக்கில் அந்த ஆட்டமே மூலைகளைத் தின்றுவிடும். பிறகு பைப் ரெஞ்சு வரும், அதுவும் வழுக்கும்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். துரு நீக்கும் எண்ணெயை அடித்து, ஊறவிட்டு, மறுபடியும் அடித்தேன். அசையவில்லை. மாலையில் பக்கத்து வீட்டு மாமா வந்து குனிந்து பார்த்தார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“தம்பி, உள்ளே எந்நேரமும் ஆயிலில் நனைகிற மரை துருப்பிடிக்குமா? இது துரு இல்லை, இறுக்கம். வெளியே பசை வேறு அடைத்திருக்கிறது. நீங்கள் அடித்த எண்ணெய் எந்த வழியாக உள்ளே போகும்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு பசையோடு போராட்டம். நெருப்பைக் காட்டவே கூடாது. ஆயிலும் பெட்ரோலும் இருக்கிற இடம். மைத்துனரிடமிருந்து ஹீட் கன் வாங்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினேன். பசை இளகியதும் பழைய ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். நகம் நகமாகத்தான் பெயர்ந்தது. (வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.)

மூன்றாவது ஞாயிறு மாமா தன் அரத்தையே கொண்டுவந்து கொடுத்தார். மழுங்கிய தலையை அப்படியே பிடிக்கப் பார்க்காமல், ஆறு பக்கமும் தேய்த்து 24 மி.மீ. அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்துக்கு 0.7 மி.மீ. “இந்தப் பக்கம் பத்து இழுப்பு என்றால் எதிர்ப் பக்கமும் பத்து. ஒரே பக்கமாகத் தேய்த்தால் சாக்கெட் கோணலாக உட்காரும்.” எண்ணி எண்ணித் தேய்த்தேன். இரும்புத்தூள் கண்ணாடி மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, கறுத்த தலையில் ஆறு வெள்ளைப் பட்டைகள் மின்னின. அதைப் பார்த்தபோது வந்த நிறைவு, பிளக் கழன்றபோதுகூட வரவில்லை.

சாக்கெட் விஷயத்தில் ஒன்று: உள்ளே ஆறு முனை உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையை மட்டும் பிடிக்கும். ஆறு முனை, பக்கத்தைப் பிடிக்கும். 24 சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். மேலும் நாலைந்து அடி, பிளக்கின் நேர் முகத்தில் விழும்படி. அந்த அதிர்ச்சியில் வாஷரின் பிடி தளரும் என்றார் மாமா. நீளக் கம்பியை மாட்டி, பிளக் முகத்தைப் பார்த்தபடி இடப்பக்கமாக இழுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். சாக்கெட்தான் வழுக்கிவிட்டது என்று பயந்து தடவிப் பார்த்தேன். இல்லை, பிளக்தான் திரும்பியிருந்தது.

தார் போன்ற ஆயில் இறங்கியது. பிளக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு செம்பு வாஷர்கள் நசுங்கிக் கிடந்தன. மரைக்குச் சேதமில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது பிளக்கும் வாஷரும் கிடைத்தன. வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். செம்பு அப்படித்தான் மிருதுவாகும், அதிகம் முறுக்காமலே படியும். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைத்தேன்.

அடியில் செய்தித்தாள் விரித்து மூன்று நாள் விட்டேன். பிளக்குக்கு நேர் கீழே தாள் காய்ந்தே இருந்தது. ஆனால் ஒரு சாண் பின்னால், கிளட்ச் உறைக்குக் கீழே, இரண்டு சொட்டு. இந்த இன்ஜினில் கிராங்க் தண்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. ஆயிலை உள்ளே திருப்பிவிடுகிற திருகுவரி, அதாவது திருகுபோல் வெட்டிய பள்ளம், மட்டும்தான். தேய்ந்தால் அந்த வழியாகக் கசியும். அந்தக் கசிவுக்காகத்தான் குற்றமற்ற பிளக்கை இப்படி முறுக்கியிருக்கிறார்கள். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது அதைப் பார்க்க வேண்டும்.