இம்ப்ளான்ட் மேல் பல் கட்டுவது: மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, பல் மருத்துவ இறுதியாண்டு மாணவர்களுக்கு இம்ப்ளான்ட் (பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு) பற்றி வகுப்பெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் தயாரித்தேன். டைட்டானியத்தின் குணங்கள், எலும்பின் அடர்த்தி வகைகள், அறுவை முறைகள் என்று எதையும் விடவில்லை. வகுப்பு முடிந்ததும் ஒரு ஹீலிங் அபட்மென்ட்டை (ஈறு ஆறும் வரை இம்ப்ளான்ட் மேல் திருகி வைக்கும் சின்ன மூடி) முன்வரிசை மாணவியின் கையில் கொடுத்து, "இது என்ன, எங்கே போகும்?" என்று கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுதான் இம்ப்ளான்ட்டா மேடம்?" என்றார்.

ஒன்றரை மணி நேரம் விடாமல் குறிப்பெடுத்த மாணவி அவர். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கையால் தொடாத ஒரு பொருளைப் பற்றி நான் அவ்வளவு நேரம் பேசியிருந்தேன். அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை எடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். இப்போது கற்பிக்கத் தொடங்கும் முதுநிலை மாணவர்களுக்கும், வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தயாராகும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் உதவும் என்று நினைப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் ஸ்லைடு வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு தட்டு. அதில் இம்ப்ளான்ட் பதித்த ஒரு தாடை மாடல், கவர் ஸ்க்ரூ (இம்ப்ளான்ட்டின் வாயை மூடும் திருகு), ஹீலிங் அபட்மென்ட், இம்ப்ரஷன் கோப்பிங் (அளவெடுக்கும்போது இம்ப்ளான்ட்டில் மாட்டுவது), அனலாக், அபட்மென்ட் (இம்ப்ளான்ட்டையும் மேலே வரும் பல்லையும் இணைக்கும் துண்டு), அதன் திருகு, ஒரு கிரவுன் (வெளியே தெரியும் செயற்கைப் பல்). "நோயாளிக்குப் பயன்படுத்தும் வரிசையில் இவற்றை அடுக்குங்கள்" என்று மட்டும் சொல்வேன். கிட்டத்தட்ட எல்லோரும் தடுமாறுவது அனலாக்கில்தான். அதன் தலை இம்ப்ளான்ட்டின் தலையைப் போலவே இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். வாயில் இருப்பது இம்ப்ளான்ட், ஸ்டோன் மாடலில் இருப்பது அனலாக், கோப்பிங் இவை இரண்டுக்கும் நடுவே போகும் தூதன். இப்படிச் சொன்னால் போதும், அப்புறம் குழப்பம் வருவதில்லை. வாயை ஸ்கேன் செய்து அளவெடுக்கும் முறையில் அந்தத் தூதன் வேலையை ஸ்கேன் பாடி பார்க்கிறது என்பதும் அவர்களுக்கே தோன்றிவிடும்.

அடுத்தது, என் கணக்கில் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. அக்ரிலிக் மாடல் ஒன்றில் பிடுங்கிய பல் ஒன்றைப் பதிக்கிறேன். பதிக்கும் முன் அதன் வேரைச் சுற்றி ரப்பர் இம்ப்ரஷன் மெட்டீரியலை மெல்லிய படலமாகப் பூசிவிடுவேன். பக்கத்திலேயே ஒரு இம்ப்ளான்ட், அதன் மேல் கிரவுன். விரலால் இரண்டையும் அழுத்திப் பார்க்கச் சொல்வேன். பல் லேசாக அமுங்கும், இம்ப்ளான்ட் அசையாது. இயற்கைப் பல்லைச் சுற்றிப் பெரியோடான்டல் லிகமென்ட் (வேரை எலும்போடு பிணைக்கும் நார்த்திசு) இருக்கிறது, கடிக்கும்போது பல் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கி எழும். இம்ப்ளான்ட் எலும்போடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது, அது அமுங்குவது 3 முதல் 5 மைக்ரான்தான். இந்த எண்களை வகுப்பில் முதலிலேயே சொன்னால் யாருக்கும் நிற்பதில்லை. விரல் உணர்ந்த பிறகு சொன்னால் மறப்பதில்லை.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடத்தில் பெரும்பகுதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஏன் கடியை அவ்வளவு கவனமாகச் சரிசெய்கிறோம்? லேசாகக் கடிக்கும்போது பக்கத்துப் பற்கள் இன்னும் அமுங்கியிருக்காது. அந்த நேரத்தில் இம்ப்ளான்ட் கிரவுனும் முழுதாக முட்டினால், அழுத்திக் கடிக்கும்போது சுமை முழுவதும் அதன் மேல்தான் விழும். அதனால்தான் 8 மைக்ரான் தடிமனுள்ள ஷிம்ஸ்டாக் தாளை வைத்துப் பார்க்கிறோம். லேசான கடியில் அது கிரவுனுக்கு இடையில் வழுக்கி வெளியே வர வேண்டும், அழுத்திக் கடித்தால் பிடிபட வேண்டும். இயற்கைப் பல்லையும் இம்ப்ளான்ட்டையும் ஒரே பிரிட்ஜில் (பல பற்களைச் சேர்த்துக் கட்டும் அமைப்பு) இணைக்க ஏன் தயங்குகிறோம் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது.

பல இம்ப்ளான்ட்டுகள் மேல் ஒரே பிரிட்ஜ் கட்டும்போது அது இழுவை இல்லாமல் உட்கார வேண்டும் என்பதும் இதன் தொடர்ச்சிதான். பற்களைத் தூணாக வைத்தால் சிறு பிசகை லிகமென்ட் தாங்கிக்கொள்ளும். இம்ப்ளான்ட் தாங்காது, பாரம் திருகுக்கும் எலும்புக்கும் போகும். இதைக் காட்ட, வேண்டுமென்றே பிசகாகச் செய்த ஒரு பிரிட்ஜ் என்னிடம் இருக்கிறது. ஒரு முனைத் திருகை மட்டும் முறுக்கினால் மறுமுனை மெல்ல மேலே எழும்பி, அடியில் ஒரு கோடு போல இடைவெளி தெரியும். எல்லாத் திருகுகளையும் முறுக்கினால் அந்த இடைவெளி மறைந்துவிடும், ஆனால் கோளாறு உள்ளே அப்படியே இருக்கும். ஒற்றைத் திருகுச் சோதனை எதற்கு என்று அதன் பிறகு யாரும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்வேன். பயிற்சிக் காலத்தில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு அளவெடுத்தேன். கோப்பிங் சரியாக உட்கார்ந்தது போலத்தான் இருந்தது, அதனால் எக்ஸ்-ரே எடுக்கவில்லை. ஈறின் ஒரு துணுக்கு இடையில் சிக்கியிருந்திருக்கிறது. கிரவுன் வந்தபோது பக்கத்துப் பற்களைவிடத் தாழ்வாக நின்றது. அந்தப் பெரியவர் மறுபடி மூன்று முறை வர வேண்டியதாயிற்று. அன்று முதல், இணைப்பு ஈறுக்கு அடியில் மறைந்திருந்தால், கோப்பிங்கோ அபட்மென்ட்டோ போட்டதும் ஒரு படம் எடுத்துவிடுகிறேன். எக்ஸ்-ரே கதிர் இம்ப்ளான்ட்டின் நீளவாட்டுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். சாய்ந்து போனால் திறந்திருக்கும் இணைப்பும் மூடியது போலத் தெரியும்.

திருகை எவ்வளவு முறுக்குவது என்பதற்கும் ஒரு பயிற்சி உண்டு. "போதும் என்று தோன்றும் வரை கையால் முறுக்குங்கள்" என்பேன். பிறகு டார்க் ரென்ச்சை (முறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) 35 நியூட்டன் சென்டிமீட்டரில் வைத்து முறுக்கச் சொல்வேன். பெரும்பாலோருடைய திருகு இன்னும் திரும்பும். பத்து நிமிடம் கழித்து அதே அளவில் மறுபடி முறுக்கினால் சில திருகுகள் இன்னும் கொஞ்சம் திரும்பும். மரைகளின் நுண்ணிய மேடுகள் அமுங்கித் தட்டையாவதால் முதலில் வந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்திருக்கும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இன்னொன்று: வாய்க்குள் போகும் டிரைவரில் டென்டல் ஃப்ளாஸை முதலில் கட்டிவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். மாடலில் பழகும்போதே இது கைப்பழக்கம் ஆகிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அந்தச் சின்னக் கருவி மூச்சுக்குழாய்க்குள் போனால் விளைவு சின்னதாக இருக்காது.

திருகில் நிற்கும் கிரவுனா, சிமென்ட்டில் ஒட்டும் கிரவுனா என்பது வைவாவில் அடிக்கடி வரும் கேள்வி. நன்மை தீமைப் பட்டியலை ஒப்பிப்பதைவிட, "பின்னால் கழற்ற வேண்டி வந்தால் என்ன செய்வேன்? ஈறுக்கு அடியில் தங்கிய சிமென்ட்டை எப்படி எடுப்பேன்?" என்ற இரண்டு கேள்விகளிலிருந்து பேசத் தொடங்குங்கள். தங்கிப்போன சிமென்ட் இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழற்சியை உண்டாக்கும் என்று சொல்லும் மாணவர் நோயாளியை நினைத்துப் பேசுகிறார் என்பது தேர்வாளருக்குப் புரிந்துவிடும்.

வரலாறு கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-ல் முயல் எலும்பில் டைட்டானியக் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, எலும்பு அதோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதைக் கண்டார். 1965-ல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தார். பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் மேல் நிற்கும் ஓவர்டென்சரே (கழற்றி மாட்டும் பல்செட்) முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்ற மெக்கில் கருத்தொருமை (கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களின் அறிக்கை) 2002-ல் வந்தது. இரண்டையும் நினைவில் வையுங்கள்.

ஓவர்டென்சர் என்றதும் இடவசதியை அளக்க மறந்துவிடாதீர்கள். இம்ப்ளான்ட்டின் தலையிலிருந்து பல்லின் நுனி வரை லொகேட்டர் (பொத்தான் போலப் பிடிக்கும் இணைப்பு) வகைக்குச் சுமார் 8.5 மில்லிமீட்டராவது வேண்டும். இம்ப்ளான்ட்டுகளைக் கம்பியால் இணைக்கும் பார் வகைக்கு 12 போல வேண்டும். அளக்காமல் இம்ப்ளான்ட் வைத்துவிட்டால் அக்ரிலிக் மெலிந்து, செட் நடுவில் உடையும். அதனால்தான் பல் எங்கே நிற்க வேண்டும் என்பதை மெழுகில் அமைத்துப் பார்த்துவிட்டு, இம்ப்ளான்ட் எங்கே போக வேண்டும் என்று பின்னோக்கி முடிவு செய்கிறோம். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மில்லிமீட்டர், இரண்டு இம்ப்ளான்ட்டுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர், கீழ்த்தாடை நரம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் என்ற அளவுகளை அந்த மெழுகு மாதிரியின் மேல் ஸ்கேல் வைத்துக் குறித்துப் பாருங்கள்.

கடைசி வகுப்பில் ஒவ்வொரு குழுவும் மூன்று பல் பிரிட்ஜ் ஒன்றை மெழுகில் செய்து கொண்டுவர வேண்டும். சென்ற முறை ஒரு குழு பார்க்க மிக அழகாகச் செய்திருந்தது. நான் எதுவும் சொல்லாமல் ஒரு சூப்பர் ஃப்ளாஸை நீட்டி, "நோயாளி வீட்டில் சுத்தம் செய்வது போல அடியில் விட்டுக் காட்டுங்கள்" என்றேன். நூல் எந்தப் பக்கமிருந்தும் நுழையவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் மெழுகுக் கத்தியை எடுத்தார்.