மாமாவுக்கு ஒரு பாக்கெட்

26 ஜூன் 2025, வியாழன் – சுங்கை சிப்புட், மலேசியா

இன்று அனைத்துலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாள். மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் பேச்சு. கருத்துப்போன நுரையீரல், சொத்தைப் பல், கைவிலங்கு என்று படம் மேல் படம். பேச வந்தவர் நல்ல மனுஷர், தொண்டை கட்டும் வரை பேசினார். வெளியே வந்த இரண்டாம் படிவப் பையன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "டீச்சர், சியாபு கண்ணாடித் தூள் மாதிரியா இருக்கும்?" சியாபு என்பது ஒரு போதைப்பொருள், காலையில் அவனுக்கு அது தெரியாது.

லாஸ் ஏஞ்சலஸில் 1983இல் போலீஸ்காரர்களை வகுப்புக்கு அனுப்பிப் பேச வைத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. பிறகு ஆராய்ந்து பார்த்தால், அதில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2013இல் ஐ.நா. வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன: பயமுறுத்துவது மட்டும் போதாது, பிள்ளைகள் பேசிப் பழகிப் பார்க்க வேண்டும். நாமோ இன்னும் நுரையீரல் படத்தைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் பேசிப் பழகிப் பார்க்க நேரம் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். புதன்தோறும் தமிழ் மொழிக் கழக நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

2 ஜூலை, புதன்

முதல் வகுப்பு. புகுமுக வகுப்பு (முதல் படிவத்துக்கு முந்தியது), முதல் படிவம், இரண்டாம் படிவம் எல்லாம் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் 'வாழ்க்கைத் திறன்' என்று எழுதினேன். "அக்கா காலத்துல அந்தப் பாடம் இருந்துச்சு டீச்சர். சுத்தியல் உண்டா?" என்றது ஒரு குரல். தப்பு என்னுடையதுதான். இந்த நாட்டில் வாழ்க்கைத் திறன், மலாயில் 'கெமாஹிரான் ஹிடுப்', என்றால் மரவேலை, தையல், வயரிங். நானும் அதில் ஒரு கோணல் அலமாரி செய்தவள்தான். அம்மா இன்னும் அதில் ஊறுகாய் போத்தல் வைத்திருக்கிறார்.

நான் சொல்ல வந்தது வேறு. யோசித்து முடிவெடுப்பது, கோபத்தை அடக்குவது, நட்பு முறியாமல் மறுப்பது. உலகச் சுகாதார நிறுவனம் இப்படிப் பத்துத் திறன்களைச் சொல்கிறது. பத்தையும் எழுதிப் போட்டால் தூங்கிவிடுவார்கள், எழுதவில்லை.

போட்வின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தில் முதல் ஆண்டு 15 வகுப்பு, அடுத்த ஆண்டு 10, அதற்கடுத்து 5. நியூயார்க் மாநிலத்தில் 56 பள்ளிகளில் சோதித்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். பாடத்தை முழுசாக நடத்திய இடங்களில்தான் பலன் அதிகம் என்று அதில் இருக்கிறது. எனக்குக் கிடைத்திருப்பதோ ஆறு புதன்கிழமை. கணக்கு இடிக்கிறது. சரி, ஆரம்பித்தாயிற்று.

9 ஜூலை, புதன்

பெயர் போடாத துண்டுச் சீட்டு. கேள்வி இரண்டுதான். உன் வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு எத்தனை பேர் வேப் (மின் சிகரெட்) இழுக்கிறார்கள்? நீ இழுத்ததுண்டா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் ஆறு, ஏழு, எட்டு என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதற்கு 'ஆமாம்' என்றவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மறைத்தவர்களும் இருப்பார்கள், நான் அப்பாவி இல்லை. ஆனாலும் இவ்வளவு இடைவெளியா? பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. "அப்ப யாரு டீச்சர் இழுக்கிறது?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும்தான் பாக்கி என்ற நினைப்புதான் பாதிப் பேரைத் தள்ளிவிடுகிறது. இன்றைக்கு நான் எதுவும் போதிக்கவில்லை, அவர்கள் எழுதியதை அவர்களிடமே காட்டினேன்.

16 ஜூலை, புதன்

மறுத்துப் பேசும் பயிற்சி. கையேட்டில் ஒரு வாக்கியம்: 'வேண்டாம், நன்றி. எனக்கு அதில் விருப்பமில்லை.' ஒருவன் அதை வாசித்ததும் வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். எந்தப் பையன் கடை வாசலில் நின்று இப்படிப் பேசுவான்?

கையேட்டை மூடிவிட்டு அவர்களையே சொல்லச் சொன்னேன். "டேய், சாயந்திரம் பந்து இருக்கு, மூச்சு வாங்கும்." "எங்கம்மா மோப்ப நாய்டா, கதவத் தொறக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சிரும்." மூன்றாவது வரிசைப் பெண்: "வாங்கிக் கையில வச்சிக்கிட்டு, ஆத்தா கூப்புடுதுன்னு கெளம்பிருவேன்." கையேடு இதை ஒத்துக்கொள்ளாது. நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மணி அடித்த பிறகு ஒரு முதல் படிவப் பையன் பையைத் தூக்காமல் நின்றான். "கூட்டாளிங்கன்னா சொல்லிருவேன் டீச்சர். மாமான்னா?"

தாய்மாமன். இவனை வேப் இழுக்கச் சொல்லவில்லை. தினமும் கடைக்குப் போய் சிகரெட் வாங்கி வரச் சொல்கிறார், மீதிச் சில்லறை இவனுக்கு. போன மாதம் ஒன்றைப் பற்ற வைத்துத் தரச் சொன்னாராம்.

19 ஜூலை, சனி

மழை. வீட்டிலேயே இருந்தேன். அப்பாவிடம் கேட்டேன், சின்ன வயதில் தாத்தாவுக்கு சம்சு என்ற மலிவுச் சாராயம் வாங்கப் போனீர்களா என்று. "லயத்துல எல்லாப் பயலும்தான் போனான்," என்றார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பி வரும்போது மூடியத் தொறந்து பாப்போம்," என்றார்.

எஸ்டேட்டை விட்டு நாங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து இருபது வருஷம் ஆகிறது. ரப்பர் மரமிருந்த இடத்தில் இப்போது செம்பனை. வாங்கி வரச் சொல்லும் வழக்கம் மட்டும் கூடவே குடிவந்துவிட்டது.

23 ஜூலை, புதன்

இன்று முழுக்க ஒரே பாடம்: பெரியவரிடம் மரியாதை கெடாமல் மறுப்பது. மாமா வேஷத்துக்குப் போட்டி. ஒருவன் துண்டைத் தோளில் போட்டு, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான். "நான் மாட்டேன் டீச்சர்" என்று ஒதுங்கியவன், அந்தப் பையனேதான்.

பல வழி பார்த்தோம். 'புகை உடம்புக்குக் கேடு மாமா' என்றால் அறை விழும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கடைசியில் சட்டம் கை கொடுத்தது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சிகரெட்டோ வேப்போ விற்கக் கூடாது. பழியைக் கடைக்காரர் மேல் போடலாம். "மாமா, என் வயசுக்குத் தரக்கூடாதாம், கடைக்காரருக்கு அபராதமாம்." எதிர்த்துப் பேசினதாகவும் ஆகாது, பொய்யும் இல்லை.

தெரிந்த பையன் என்று கடையில் கொடுத்துத் தொலைத்தால்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைக்காரருக்கு யார் வகுப்பு எடுப்பது?

30 ஜூலை, புதன்

அந்தப் பையன் கடைசி வரை உட்கார்ந்திருந்தான். நானும் வேண்டுமென்றே மெதுவாகப் பலகையைத் துடைத்தேன்.

"சொல்லிட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. மோட்டார் சாவிய எடுத்துக்கிட்டு அவரே கெளம்பிட்டாரு. என்னையும் பின்னால ஏத்திக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அவருக்கு சிகரெட், எனக்கு ஐஸ்கிரீம்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். "நாளைக்கும் சொல்லுவியா?" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு ஓடினான், பேருந்து வந்துவிட்டது.

அடுத்த புதன் விளையாட்டுப் போட்டி ஒத்திகையாம், மண்டபமும் கிடையாது, நேரமும் கிடையாது. ஆறாவது வகுப்பை எங்கே செருகுவது என்று நாளை அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும்.