சான்றிதழ் இருந்தும் நிறுத்தி வைத்த எண்ணெய்

சிங்கப்பூரில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் கருவியல் லேப்பில் வேலை பார்க்கிறேன். கரு வளர்க்கும் தட்டு (டிஷ்), கருவுக்கு ஊட்டம் தரும் திரவம் (மீடியா), எண்ணெய் என எது புதிதாக வந்தாலும் சோதித்து அனுமதி கொடுப்பது என் பொறுப்பு. தீபாவளி நெருங்கிய நேரத்தில் வந்த ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான எண்ணெய், எங்களைப் படாதபாடு படுத்திவிட்டது.

எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். கரு வளர்வது சில பத்து மைக்ரோலிட்டர் மீடியாச் சொட்டில். மேலே பாரஃபின் எண்ணெய் மூடியிருந்தால்தான் சொட்டு வற்றாது, அதன் பிஹெச் (அமிலத்தன்மை அளவு) சட்டென்று மாறாது. ஐந்தாறு நாள் கரு அதன் அடியிலேயே இருக்கும். சூட்டிலோ வெளிச்சத்திலோ அந்த எண்ணெயில் பெராக்சைடு என்ற நச்சு உண்டானால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கரு மட்டும் வளராமல் நின்றுவிடும்.

பெட்டியில் லாட் எண், காலாவதித் தேதி எல்லாம் சரி. கூட வந்த சான்றிதழின்படி எலிக்கருச் சோதனையிலும் பாஸ்: ஒரு செல் நிலையில் வைத்த கருக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் 96 மணி நேரத்தில் பிளாஸ்டோசிஸ்ட் (நன்கு வளர்ந்த கருவின் நிலை) ஆகியிருந்தன. ஆனால் அது தொழிற்சாலையில் இருந்தபோது எடுத்த கணக்கு. அதற்கப்புறம் விமானம், கிடங்கு, நம் ஊர் வெயிலில் நிற்கும் வேன். எங்கள் சீனியர் அக்கா எப்போதும் கேட்பது இதுதான்: "அங்க பாஸ் ஆனது இருக்கட்டும்மா, நம்ம இன்குபேட்டர்ல வச்சுப் பாத்தியா?"

வைத்துப் பார்த்தேன். ஆராய்ச்சிக்குச் சம்மதம் தந்தவர்களின் மிச்ச விந்தணுவைக் கழுவி இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பழைய எண்ணெயின் கீழும் மற்றதைப் புதியதன் கீழும் வைத்தோம். மீடியாவில் புரதம் சேர்க்கவில்லை. ஆல்புமின் போன்ற புரதம் இருந்தால் நச்சை அது மறைத்துவிடும். 24 மணி நேரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடின. 48-ல் பழைய டிஷ்ஷில் இன்னும் நேராக நீந்திக்கொண்டிருந்தன. புதியதில் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன. அசைவு விகிதம், அதாவது புதியதில் உள்ள அசைவைப் பழையதில் உள்ளதால் வகுத்த கணக்கு, 0.85-க்குக் கீழே போனால் மறுசோதனை என்பது விதி. இது அதைவிட வெகுவாகக் குறைவு.

வேறொருவரின் மாதிரியில், எது எந்த டிஷ் என்று தெரியாத இன்னொருவரை எண்ணச் சொன்னோம். அதே முடிவு. சப்ளையரோ சான்றிதழையே திரும்பத் திரும்ப அனுப்பினார். எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரம் முட்டை எடுக்கத் தேதி வாங்கியிருந்தவர்கள் வாரக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு வருபவர்கள். கையில் இருந்த பழைய எண்ணெயை அவர்களுக்கென்று ஒதுக்கி, பயிற்சி வேலைகளை நிறுத்தி வைத்தோம்.

1983-ல் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் குழுவின் முயற்சியில் இங்கே முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த காலத்தில், உலகெங்கும் லேப்களில் மீடியாவைத் தாங்களேதான் கலப்பார்கள், கலந்ததைத் தாங்களே சோதிப்பார்கள். பாட்டிலில் வாங்குகிறோம் என்பதற்காக அந்தப் பழக்கத்தை விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியில் எங்கள் எண்களைப் பார்த்து வேறு லாட் அனுப்பினார்கள். அதையும் அதே போல 48 மணி நேரம் வைத்துப் பார்த்துத்தான் அலமாரியில் ஏற்றினோம். இப்போதெல்லாம் பழைய லாட் தீர்வதற்கு நன்றாக முன்பே புதியதை வரவழைத்துவிடுகிறோம். சோதனை முடியும்வரை அது சிவப்பு ஸ்டிக்கரோடு தனித் தட்டில் இருக்கும்.