“வைஃபை மட்டும் போட்டுராதீங்கண்ணே”

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நிண்டெண்டோ கம்பெனியின் பழைய ஸ்விட்ச் கேம் மெஷின் ஒன்று கைமாறும்போது, “அறுபது கேம் ஏத்தியிருக்கு, வைஃபை மட்டும் போட்டுராதீங்கண்ணே” என்று விற்பவர் சொன்னால், அதிலேயே அந்த மெஷினின் ஜாதகம் தெரிந்துவிடும். கள்ள கேம் ஓடிய மெஷின் நெட்டில் ஏறினால் அந்த விவரம் நிண்டெண்டோ சர்வருக்குப் போய்த் தடை விழலாம். தடை அந்த மெஷினுக்கே உரிய டிஜிட்டல் சான்றிதழின் மேல் விழுகிறது. ஃபேக்டரி ரீசெட் போட்டாலும் போகாது, வேறு கணக்கில் நுழைந்தாலும் போகாது. திருட்டு கேம் ஆடியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். காசு கொடுத்து கேம் வாங்க நினைக்கிற அடுத்த ஆளுக்குத்தான் நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப் பூட்டிக் கிடக்கும். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

அதனால் பணத்தை எடுக்குமுன் உங்கள் மொபைலில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். மெஷினில் உங்கள் நிண்டெண்டோ கணக்கைச் சேர்த்து ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். 2124-4007 என்ற எரர் எண் வந்தால் தடை விழுந்த மெஷின், வாங்க வேண்டாம். திறந்துவிட்டாலும் இதுவரை தடை இல்லை என்பது மட்டும்தான் உறுதி.

அடுத்து, மெஷினை முழுசாக ஆஃப் செய்யுங்கள். பவர் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் அதற்கான மெனு வரும். விற்பவர்கள் பெரும்பாலும் ஸ்லீப்பில் வைத்துத்தான் காட்டுவார்கள். மறுபடி ஆன் செய்யும்போது லோகோ வராமல் திரை கருப்பாகவே நின்றால் உள்ளே கைவைத்திருக்கலாம். 2017 முதல் 2018 நடுப்பகுதிவரை வந்த ஸ்விட்ச்களில் டெக்ரா ப்ராசஸர் சிப்பின் பூட் ரோமிலேயே, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிலையான புரோகிராமிலேயே, பாதுகாப்பு ஓட்டை உண்டு. அது ஆலையிலேயே பதிந்துவிட்டதால் எந்த அப்டேட்டாலும் அடைக்க முடியாது. இவற்றில் சால்டர் வைக்காமலே கள்ள கேம் ஓட வைத்துவிடுவார்கள்.

பிந்தைய ஸ்விட்ச், ஸ்விட்ச் லைட், ஸ்விட்ச் ஓஎல்இடி ஆகிய மாடல்களுக்கு, பூட்டை உடைக்கத் தனியாக வைக்கும் மோட்சிப் வேண்டும். ப்ராசஸர் ஓரத்தில் கடுகைவிடச் சின்ன கெப்பாசிட்டர்களின் மேல் அதைச் சால்டர் வைக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் கெப்பாசிட்டர், அது ஒட்டியிருக்கும் செம்புப் பேடோடு பெயர்ந்து வரும், போர்டே போய்விடும். அரைகுறையாக ஒட்டினது சில மாதம் ஓடும், பிறகு நாலு தடவை முயன்றால் ஒரு தடவை பூட் ஆகும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் மோசம். சால்டர் பிடிக்கத் தடவித் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் பசையில் உப்புக்காற்றின் ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்துவிடும். டார்ச் அடித்துப் பின்பக்க ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ‘ஒய்’ வடிவ வெட்டின் ஓரம் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றவும் திறப்பார்கள், எதற்குத் திறந்தது என்று கேளுங்கள்.

கூடவே தரும் மெமரி கார்டும் நம்பத்தக்கதல்ல. 512 ஜிபி என்று காட்டும் போலிக் கார்டில் உண்மையில் 32 ஜிபிதான் இருக்கலாம். அதற்கு மேல் எழுதுவது பழையதை அழிக்கும். சாதாரண ஸ்விட்ச்சில் சேவ் ஃபைல் மெஷினின் உள் மெமரியில் இருக்கும், தப்பிக்கும். கேம் ஏத்தின மெஷின்களில் பெரும்பாலும் சிஸ்டத்தின் நகலையே கார்டில் வைத்திருப்பார்கள், அதனால் கார்டு போனால் சேவும் போச்சு. கம்ப்யூட்டரில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை புரோகிராமைப் போட்டுக் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். 128 ஜிபிக்கே மணிக்கணக்கில் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பிரைட் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, கள்ளப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்துவதே குற்றம். விற்றவர் மட்டும் மாட்டுவார் என்ற நினைப்பு தப்பு.

ஸ்விட்ச்சில் செருகும் பழைய கேம் கேசட் வாங்கினாலும் கவனம் தேவை. ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் தனிச் சான்றிதழ் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் அதை நகலெடுத்து, கேசட் போலவே செருகும் ஃப்ளாஷ் கார்டில் ஓட்டிக்கொண்டே அசலை விற்றிருந்தால், ஒரே சான்றிதழ் இரண்டு மெஷினிலிருந்து ஆன்லைனில் தெரியும். அப்போது அசலை வைத்திருக்கும் உங்கள் மெஷின்மேலும் தடை விழலாம். விற்பவருடன் பேசிய மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது, கேசட்டின் முன்பின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். நிண்டெண்டோவிடம் முறையிடும்போது காட்ட அதுதான் இருக்கும்.