ஆட்களோடு விற்கிற கட்டடம்

குன்னூரில் கீழே கடை, மேலே வீடு என்று இருக்கிற கட்டடம் விலைக்கு வந்தால், கோயம்புத்தூர், திருப்பூர் பக்கமிருந்து வரும் பார்ட்டிகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எப்பங்க காலி பண்ணிக் குடுப்பீங்க?" கீழ்நாட்டில் அது நியாயமான கேள்வி. அங்கே மனைக்குத்தான் மதிப்பு. பழையதை இடித்துவிட்டு நாலு மாடி ஏற்றிவிடலாம். இங்கே அந்தக் கணக்கு ஓடாது. 1993-இல் மலை ஊர்களுக்கென்று கட்டட விதிகள் வந்த பிறகு, 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே மூன்று அடுக்கு எழுந்து நிற்கும் கட்டடத்தை இடித்தால், மேல் அடுக்கு போனது போனதுதான். புதிதாகக் கட்டவும் இடத்தைப் பொறுத்து வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். ஆக, இங்கே காசு நிற்கிற சுவருக்குத்தான். அந்தச் சுவரை நிற்க வைப்பது உள்ளே இருக்கிற ஆட்கள். புரோக்கர் வேலையில் நான் உறுதியாக நம்பும் விஷயம் இது.

பெட்ஃபோர்டு பக்கம் ஒரு கட்டடத்தைப் பேசி முடித்தேன். சரிவில் கட்டியது. கீழ்ச் சாலையிலிருந்து பார்த்தால் மூன்று அடுக்கு. மேல் சாலையில் நின்றால் ஒரே அடுக்கு வீடு மாதிரி அடக்கமாக இருக்கும். கடைகளுக்குக் கீழே வாசல், வீடுகளுக்கு மேலே வாசல். இரண்டு கதவு எண், இரண்டு வரி ரசீது. வில்லங்கச் சான்றிலோ ஒரே ஒரு எண். அப்போது ஆன்லைனில் 1975 முதல்தான் வில்லங்கம் கிடைத்தது. மூலப் பத்திரம் அதற்கும் முந்தையது என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுப் பழைய புத்தகத்தைப் புரட்ட வைத்தோம். உயரம் அளக்கும்போது தனி வேடிக்கை. விற்பவர் மேல் சாலையிலிருந்து அளந்தார், வாங்க வந்தவரின் இன்ஜினியர் கீழ்ச் சாலையிலிருந்து அளந்தார். இருவரும் அவரவர் எண்ணைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் டீ சொன்னேன்.

கீழே மூன்று கடை. ஓரத்தில் மலையாளி சேட்டனின் பேக்கரி, நடுவில் தையல் கடை, மறு ஓரத்தில் ஒரு கடை இரண்டு மழைக்காலமாகப் பூட்டிக் கிடந்தது. மூன்றுக்கும் பின்சுவர் ஒன்றுதான், மலைச்சரிவின் மண்ணை ஒட்டி நிற்கும் சுவர். பேக்கரியில் வர்க்கி சுடும் விறகடுப்பு விடியுமுன்னே பற்றிவிடும். அந்தப் பக்கம் சுவரில் கை வைத்தால் காய்ந்து, இளஞ்சூடாக இருக்கும். பூட்டிய கடையைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. விரலால் அழுத்தியதும் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைகள் மண்ணடைத்துப் போயிருந்தன. குத்திவிட ஆள் இல்லை. நீலகிரியில் 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டைகளின் அருமை தெரியும். அதே சுவர், அதே மழை. ஆள் இருந்த பக்கம் நின்றது, இல்லாத பக்கம் அழுகியது.

வாடகை வருமானத்தையும் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. "பல ஜாதி ஜனம், பல பாஷை, தொந்தரவு வராதா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு அதுதான் பலமாகத் தெரிந்தது. பேக்கரிக்கு ஏப்ரல், மே சீசனில் காசு. தையல்காரருக்குப் பள்ளி திறக்கும் ஜூனில் யூனிஃபார்ம் வேலை. அவர் அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். மேல் சாலை வாசலை ஒட்டி ஒரு சேட்டுடைய அடகுக் கடை. பச்சைத் தேயிலை விலை இறங்கினால் அங்கே கூட்டம் ஏறும். மாடியில் பிள்ளைகள் படிப்புக்காகத் தங்கள் ஹட்டியிலிருந்து, அதாவது ஊரிலிருந்து, வந்து குடியிருக்கும் படுகர் குடும்பம், அடுத்த வீட்டில் வெலிங்டன் ராணுவத்தில் வேலை பார்க்கும் ஹரியானாக்காரர், பின்னறையில் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன்கள். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் கை முடங்காது. ஒரே தொழில்காரர்களுக்கு விட்ட கட்டடத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கவனம் வேண்டிய இடம் வேறு. விற்பவர் கொடுத்த வாடகைப் பட்டியலில் மாடி மூலை வீட்டுக்கு நேரே எதுவும் எழுதவில்லை. கேட்டால், "அவங்க நம்ம ஆளுங்க மாதிரி" என்றார். மேலே போய்க் கேட்டபோது அந்த அம்மா போக்கியப் பத்திரத்தையே எடுத்துக் காட்டினார். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கிறார்கள். கட்டடம் கைமாறினாலும் குடியிருப்பவரின் உரிமை மாறாது. புது உரிமையாளர் பழையவரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். அந்தப் பணத்தை விலையில் கழிக்காவிட்டால் வாங்குபவர் தலையில் விழும். 2017 வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதியவும் வேண்டும். இந்தத் தெருவில் பாதி இன்னும் வாய்ப்பேச்சு. அதனால் விற்பவரை வைத்துக்கொண்டே ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். மின்சார மீட்டர் கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனியா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது.

இந்தக் கட்டடத்தைப் பார்க்க வந்த ஒரு திருப்பூர்க்காரர் 7 மீட்டர் விஷயம் தெரிந்ததும் காரைத் திருப்பிவிட்டார். கடைசியில் வாங்கியவர் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருப்பவர். காலி பண்ணும் பேச்சையே எடுக்கவில்லை. போக்கியப் பணத்தையும் அட்வான்ஸ்களையும் கழித்து விலை பேசினார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டிப் பதிவு முடிந்த கையோடு கட்டடத்துக்கு வந்தார். தையல்கார அண்ணன் ஊசியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "மேல தகரம் ஒழுகுதுங்க, எப்ப மாத்துவீங்க?"

"மழைக்கு முன்னாடி மாத்திடலாங்க."

"எந்த மழைக்குங்க? ஜூன் மழைக்கா, ஐப்பசி மழைக்கா?"